இரண்டிரண்டாக ஆறு கல்லூரிகள்

என் அண்ணனோடு போய், ஒரே கடையில், ஒரே மாலையில் ஒரு ஜோடிச் செருப்பு வாங்கிக்கொண்டு வந்துவிட்டால் உங்களுக்கு நான் விருந்தே வைக்கிறேன். நடக்காது. இடது காலில் ஒரு ரகம், வலது காலில் வேறொரு ரகம் மாட்டிக்கொண்டு கடைக்குள் அந்த மூலைக்கும் இந்த மூலைக்கும் நடப்பான். பிறகு இரண்டிலும் மற்ற காலுக்கானதைக் கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டு மறுபடி நடப்பான். தோற்ற ரகம் அலமாரிக்குப் போகும். ஜெயித்த ரகத்தோடு மூன்றாவது மோதும். கடைக்காரர் சோர்ந்துபோய் ஸ்டூலில் உட்கார்ந்துவிடுவார். நான் வாசலுக்கு வந்து, இவன் யாரோ நான் யாரோ என்பது மாதிரி தெருவை வேடிக்கை பார்த்துக்கொண்டு நிற்பேன்.

அவனைச் சொல்லிக் குற்றமில்லை, தொழில் அப்படி. கடைத்தெரு முனையில் இருக்கும் மூக்குக்கண்ணாடிக் கடையில் அவன் கண் பரிசோதிக்கிறவன். பின்னால், திரை போட்ட சின்ன அறையில் காலையிலிருந்து மாலை வரை அவன் பேசுவதெல்லாம் ஒரே பேச்சுதான். "முதல்ல போட்டது தெளிவா இருக்கா, இப்ப போட்டது தெளிவா இருக்கா?" பதில் வந்ததும் ஒரு லென்ஸை எடுத்துவிட்டு இன்னொன்றைப் போடுவான். மறுபடி அதே கேள்வி. இருபது வருஷமாக ஒருவன் இதையே கேட்டுக்கொண்டிருந்தால் வீட்டுக்கு வந்து வேறு என்ன கேட்பான், பாவம்!

நானும் அதே கடைதான். முன்பக்கம் ஃப்ரேம் விற்கும் மேஜையில் நான். எந்த மூக்குக்கு எது பொருந்தும் என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிடுவேன். பின்னறையில் அவன் நாலு வார்த்தை பேசினால் முன்னறையில் நான் நானூறு பேசுவேன். எங்கள் இரண்டு பேரையும் கலந்து பாதியாகப் பிரித்தால் உருப்படியாக இரண்டு ஆள் கிடைப்பார்கள் என்று முதலாளி சொல்வார். கோபம் வேறு எனக்கு மூக்கு நுனியிலேயே இருக்கிறது. அது எப்போது வந்தது, எப்போது போனது என்று எனக்கே தெரியாது. நடுவில் நான் பேசியது மட்டும் தெருவுக்கே தெரிந்திருக்கும்.

இரண்டிரண்டாகத்தான் கேட்கவேண்டும் என்பது அண்ணனின் சட்டம். ஒருமுறை மின்விசிறி வாங்கப் போன இடத்தில் பொறுமை இழந்து, "எல்லாத்தையும் ஒண்ணா ஓடவிட்டுப் பாத்துட்டு வாங்கித் தொலையேன்" என்று கத்தினேன். அவன் நிதானமாகச் சொன்னான்: "மூணை ஒண்ணா வச்சா மனுஷனுக்குக் குழப்பம்தான் மிஞ்சும். ரெண்டை வச்சா பதில் வரும்." சொல்லிவிட்டு அடுத்த இரண்டு விசிறிகளுக்கு நடுவில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தான்.

அப்படிப்பட்டவன் அண்ணியை மட்டும் யாரோடும் ஒப்பிட்டுப் பார்க்கவில்லை. அவள் பவர் பார்க்க வந்தவள்தான். நகரப் பேருந்து ஓட்டுகிற வேலைக்குச் சேர்வதற்குப் பார்வைச் சான்றிதழ் வேண்டுமென்று வந்தாள். கண்ணில் ஒரு குறையும் இல்லாதவளை அன்றைக்கு அரை மணி நேரம் அந்த நாற்காலியிலேயே உட்கார வைத்திருந்தான் என் அண்ணன்! அடுத்த வாரம் அவள் கூலிங் கிளாஸ் வாங்கும் சாக்கில் வந்தாள். அதற்கடுத்த வாரம் எந்தச் சாக்கும் இல்லாமல் வந்தாள். அவ்வளவுதான், கல்யாணம். இப்போது மாடி வீட்டில் அவர்கள், கீழ் வீட்டில் நானும் என் வீட்டுக்காரரும்.

அவர்களுக்கு ஒரே பெண். நாங்கள் அவளை டப்பா என்று கூப்பிடுவோம். திட்டு இல்லை, செல்லம்தான். பிறந்தநாளுக்குப் பொம்மை வாங்கிக் கொடுத்தால் பொம்மையை ஓரமாக வைத்துவிட்டு அது வந்த அட்டைப்பெட்டியைப் பிரிப்பாள். எந்த மடிப்பு எதற்குள் போகிறது, பசையே இல்லாமல் அடிப்பக்கம் எப்படிப் பூட்டிக்கொள்கிறது என்று பார்த்துவிட்டு மறுபடி பெட்டியாக்குவாள். பற்பசை வந்த அட்டை, பல்பு வந்த அட்டை, செருப்புப் பெட்டி எல்லாம் அவள் கட்டிலுக்கு அடியில் குடித்தனம் நடத்தும். அண்ணி வாரத்துக்கு ஒருமுறை, "இந்தக் குப்பையெல்லாம் நாளைக்கு வீதிக்குப் போயிடும்" என்பாள். ஒரு நாளும் போனதில்லை.

டப்பா பள்ளிக்கூடம் முடித்தாள். நல்ல மார்க்தான். உடனே வீட்டுக்குள் ஆளாளுக்கு ஒரு யோசனையோடு வந்துவிட்டார்கள். கட்டடத்தைப் பார் என்றார் ஒருவர். விடுதியைப் பார் என்றார் இன்னொருவர். என் வீட்டுக்காரர், கேன்டீனைப் பார்த்தால் போதும், மற்றதெல்லாம் தானாகத் தெரிந்துவிடும் என்றார். அண்ணன் எல்லாரும் பேசி முடிக்கும்வரை காத்திருந்தான்.

"எனக்கு ரெண்டே விஷயம்தான்" என்றான். "படிக்கிறப்பவே பிள்ளையை வேலை நடக்கிற இடத்துக்குக் கூட்டிட்டுப் போறாங்களா? படிச்சு முடிச்சதும் கையை விடாம நிக்கிறாங்களா? மத்ததெல்லாம் பெயின்ட்."

அவன் ஏன் அப்படிச் சொன்னான் என்று எனக்குத் தெரியும். அவன் படித்த இடத்தில் புத்தகத்தில் இருந்த கண்ணை மட்டும்தான் காட்டினார்கள். நிஜக் கண்ணைப் பார்க்க எங்கேயும் அனுப்பவில்லை. சான்றிதழைக் கையில் கொடுத்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார்கள். கடை கடையாக ஏறி இறங்கினான். இந்தக் கடைக்குக்கூட வேலை கேட்டு வரவில்லை, தன் உடைந்த கண்ணாடியை ஒட்டவைக்கத்தான் வந்தான். முதலாளி பேச்சுக் கொடுத்து உள்ளே இழுத்துப் போட்டுக்கொண்டார். அந்தக் கண்ணாடி உடையாமல் இருந்திருந்தால் தன் கதி என்ன என்று இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பான். சிரிப்புதான், ஆனால் உள்ளுக்குள் அந்தப் பயம் போகவே இல்லை.

மகளுக்கு அந்த நிலைமை வரக்கூடாது. அதனால் ஆறு கல்லூரிகளைப் பொறுக்கி எடுத்தான். விடுமுறை கிடைத்த போதெல்லாம் அவன், டப்பா, நான் மூவரும் போய்ப் பார்த்தோம். நான் எதற்கு என்கிறீர்களா? அண்ணனுக்குக் கேள்வி கேட்கத் தெரியும். பூசி மெழுகுகிறவர்களை மடக்கத் தெரியாது. அதற்குத்தான் நான்.

முதலில் போனது மினுக்குக் கல்லூரி. பெயர் நாங்கள் வைத்ததுதான். தரையில் முகம் பார்த்துத் தலை சீவிக்கொள்ளலாம், அப்படி ஒரு மினுக்கு. சுவர் முழுக்கக் கம்பெனிச் சின்னங்கள். வேலைவாய்ப்புப் பிரிவில் டை கட்டிய இளைஞர் ஒருவர் ஜூஸ் கொடுத்து உட்காரவைத்தார்.

"எங்க பிள்ளைங்க எல்லாருமே இன்டர்ன்ஷிப் போறாங்க சார்" என்றார்.

"சந்தோஷம். முதல் நாள் போய் என்ன வேலை செய்வாங்க?" என்று அண்ணன் கேட்டான்.

"நல்ல எக்ஸ்போஷர் கிடைக்கும் சார்."

"சரி. ரெண்டாவது நாள்?"

"இன்னும் நிறைய எக்ஸ்போஷர்."

அண்ணன் தலையாட்டினான். எனக்குத் தாங்கவில்லை. "தம்பி, அவ்வளவு எக்ஸ்போஷரையும் வச்சுக்கிட்டு பொண்ணு எங்க உக்காருவா? ஒரு மேஜை நாற்காலியாவது குடுப்பாங்களா?" என்றேன்.

அவர் நல்ல பிள்ளை, சிரித்துவிட்டார். பிறகு குரலைத் தாழ்த்தி உண்மையைச் சொன்னார். இடத்தை மாணவர்களே தேடிக்கொள்ள வேண்டும், கல்லூரி சிபாரிசுக் கடிதம் மட்டும் கொடுக்கும். ஜூஸைக் குடித்துவிட்டு எழுந்து வந்தோம். ஜூஸ் நன்றாகத்தான் இருந்தது.

அடுத்தடுத்துப் பார்த்த மூன்றும் ஏறக்குறைய இதே ரகம். ஐந்தாவது மணிக்கூண்டுக் கல்லூரி. பழைய கட்டடம், உச்சியில் ஓடாத கடிகாரம். ஆனால் உள்ளே வேலை ஓடியது. வணிக நிர்வாகம் படிக்கிற பிள்ளைகளை இரண்டாம் வருஷமே கம்பெனிகளுக்கு அனுப்புகிறார்கள். நாற்பது கம்பெனிகளோடு ஒப்பந்தம். போலி நேர்காணல் வைத்து, எங்கே திணறினாய் என்று வீடியோவில் போட்டுக் காட்டுகிறார்கள். படித்து முடித்து இரண்டு வருஷம் ஆன பின்னும் வேலை போய்விட்டது என்று போன் செய்தால் எடுத்துப் பேச ஆள் இருக்கிறது. இதைக் கேட்டதும் அண்ணன் முகத்தைப் பார்க்கவேண்டுமே! வாயெல்லாம் பல். திரும்பி வரும்போது பஸ்ஸில் இடம் காலியாக இருந்தும் உட்காராமல் நின்றுகொண்டே வந்தான். "ரெண்டு வருஷம் கழிச்சும் எடுத்துப் பேசுறாங்களாம்" என்று என்னிடம் சொன்னான். அப்புறம் டப்பாவிடம் சொன்னான். பக்கத்தில் நின்ற முன்பின் தெரியாதவரிடமும் சொன்னான்.

ஆறாவது, பெட்டிக் கல்லூரி. பேக்கேஜிங், அதாவது பொருள்களை உடையாமல் கெடாமல் பெட்டிகட்டி அனுப்பும் தொழிலைச் சொல்லித்தருகிற சின்ன இடம். வேலைவாய்ப்புப் பிரிவு மாடிப்படிக்குக் கீழே இருந்தது. உயரமான ஆள் நிமிர்ந்தால் தலை இடிக்கும். உள்ளே ஒரு மேடம் தோளுக்கும் காதுக்கும் நடுவில் போனை இடுக்கிக்கொண்டு யாரையோ வறுத்தெடுத்துக்கொண்டிருந்தார்.

"எங்க பொண்ணை எதுக்கு அனுப்புனேன்? அட்டை வெட்டுற மெஷினைக் கத்துக்க. நீங்க டீ வாங்க அனுப்புனீங்களாமே? இல்லைன்னு சொல்லாதீங்க, அவ என்கிட்ட பொய் சொல்ல மாட்டா. நாளைக்கு மெஷின் பக்கத்துல அவ நிக்கலைன்னா, அடுத்த வருஷம் ரெண்டு ஆள் குடுங்கன்னு வருவீங்கல்ல, அப்ப பேசிக்கலாம்." போனை வைத்துவிட்டு எங்களைப் பார்த்து, "வாங்க வாங்க, உக்காருங்க" என்றார், ஒன்றுமே நடக்காத மாதிரி.

எனக்கு அந்த மேடத்தைப் பார்த்தவுடன் பிடித்துவிட்டது. என் ஜாடை.

அண்ணன் எத்தனை கம்பெனிகள் என்று கேட்டான். "மூணு ஃபேக்டரி" என்றார் மேடம். மூன்றா என்று அண்ணன் மறுபடி கேட்டான். மூன்றுதான் என்று மேடம் மறுபடி சொன்னார். இந்தப் பேச்சு நடந்தபோது டப்பா எங்களோடு இல்லை. பக்கத்து ஆய்வுக்கூடத்தில், பெட்டியைத் தூக்கி மேலேயிருந்து கீழே போடும் இயந்திரத்துக்கு முன்னால் நின்றிருந்தாள். ஒரு மாணவி கண்ணாடித் தம்ளரைப் பெட்டிக்குள் வைத்து விழவிட்டாள். டமார்! பிரித்துப் பார்த்தால் தம்ளர் தூள். எல்லாரும் கைதட்டினார்கள். உடைந்ததற்குக் கைதட்டுகிற இடத்தை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். "நான் ஒருதடவை போடட்டுமா?" என்று டப்பா கேட்டாள். போட்டாள். ஒன்று போதாதென்று நாலு போட்டாள். அவளை அங்கிருந்து இழுத்துக்கொண்டு வருவதற்குள் எனக்கு மூச்சு வாங்கிவிட்டது.

இனிமேல்தான் அண்ணனின் பந்தயம். சாப்பாட்டு மேஜையில், அண்ணி மாலை ஷிப்ட் போயிருந்த ஒரு நாளில் நடந்தது. நானும் என் வீட்டுக்காரரும் மாடியில்தான் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். மினுக்கா, இரண்டாவதா? இரண்டாவது. இரண்டாவதா, மூன்றாவதா? ஒவ்வொன்றிலும் இன்டர்ன்ஷிப் என்ன, முடித்த பின் துணை என்ன என்று அண்ணன் எடுத்துச் சொல்லுவான், டப்பா பதில் சொல்லுவாள். தோற்றது வெளியே போகும். கடைசியில் மணிக்கூண்டும் பெட்டியும் மிஞ்சின.

"மணிக்கூண்டுல நாப்பது கம்பெனி. ரெண்டு வருஷம் கழிச்சும் போனை எடுத்துப் பேசுறாங்க" என்றான் அண்ணன். அதைச் சொல்லும்போதே முகம் மலர்ந்துபோனது. "பெட்டிக் காலேஜ்ல மூணு ஃபேக்டரி. அந்த மேடம் தங்கமானவங்க, இல்லைன்னு சொல்லலை. இப்ப சொல்லும்மா. எது?"

டப்பா தட்டைப் பார்த்தாள். அப்பாவைப் பார்த்தாள்.

"மணிக்கூண்டு" என்றாள்.

அண்ணன் மேஜையில் ஒரு தட்டு தட்டி எழுந்தான். எங்களுக்கெல்லாம் தானே ஐஸ்கிரீம் எடுத்துவந்து பரிமாறினான். மறுநாளிலிருந்து கடைக்குக் கண் பரிசோதிக்க வருகிறவர்களுக்கெல்லாம் மணிக்கூண்டுப் புராணம்தான். நாலு வார்த்தைக்கு மேல் பேசாதவன் நாற்பது கம்பெனிகளையும் ஒப்பிக்க ஆரம்பித்துவிட்டான்.

கல்லூரியில் போய்ச் சேருவதற்கு முந்தின நாள். மதியம் டப்பா கடைக்கு வந்தாள். அந்த நேரம் பார்த்து லென்ஸ் பார்சல் வந்து சேர்ந்தது. பிரித்தால் ஒன்று விரிசல். இது புதிதல்ல, மூன்று பார்சலுக்கு ஒரு பார்சல் அப்படித்தான் வரும். நான் பார்சல் கம்பெனியின் ஏழு தலைமுறையையும் வாழ்த்திக்கொண்டிருந்தேன். டப்பா அந்தப் பெட்டியை எடுத்தாள். என் கத்தரிக்கோலால் வெட்டினாள், மடித்தாள், ஒரு மடிப்பை இன்னொன்றுக்குள் செருகினாள். உள்ளே பாலம் மாதிரி ஒரு தட்டு வந்துவிட்டது. விரிசல் விட்ட லென்ஸுக்கு ஜோடியான நல்ல லென்ஸை அதில் படுக்கவைத்து மூடினாள். நான் "ஏய், ஏய்" என்பதற்குள் ஸ்டூல் மேல் ஏறி நின்று பெட்டியைக் கீழே விட்டாள். எனக்கு உயிரே போய்விட்டது. பிரித்துக் காட்டினாள். லென்ஸில் ஒரு கீறல் இல்லை.

"அடிப்பாவி!" என்று நெஞ்சில் கை வைத்துக்கொண்டேன். "இந்தக் கைவரிசையைப் பெட்டிக் காலேஜ்ல போய்க் காட்ட வேண்டியதுதானே? மணிக்கூண்டுக்குப் போய்க் கணக்குப் பாக்கப் போறியா?"

விளையாட்டுக்குத்தான் சொன்னேன். ஆனால் அவள் முகம் சட்டென்று சுருங்கிவிட்டது. பின்னறைத் திரையை ஒரு பார்வை பார்த்தாள்.

"அத்தை, மணிக்கூண்டுன்னு சொல்றப்ப அப்பா மூஞ்சியைப் பாத்தீங்களா?" என்று மெல்லிய குரலில் கேட்டாள். "எனக்கு நினைவு தெரிஞ்சு அப்பா அவ்வளவு சந்தோஷமா இருந்து நான் பாத்ததே இல்லை. அந்த மூஞ்சியைப் பாத்துக்கிட்டு நான் எப்படி வேற சொல்றது?"

"அப்ப உனக்கு எது வேணும்?"

"விடுங்க அத்தை. மணிக்கூண்டும் நல்ல காலேஜ்தானே."

விடுவதா? நானா? கோபம் வந்துவிட்டது. யார் மேல் என்று கேட்காதீர்கள். எழுந்து போய்த் திரையை இழுத்தேன். உள்ளே இருட்டு. எதிர்ச் சுவரில் எழுத்துப் பலகை மட்டும் மங்கலாக எரிந்தது. நாற்காலியில் ஒரு லாரி மெக்கானிக், மூக்கின் மேல் சோதனை ஃப்ரேமோடு, ஒரு கண்ணை மூடிவைத்திருந்தார்.

"அண்ணா! இந்த ரூம்ல எதுக்கு விளக்கை அணைச்சு வச்சிருக்கே?" என்றேன்.

"என்னம்மா இது, ஆள் இருக்கார்ல?"

"இருக்கட்டும். அவரும் கேக்கட்டும். எதுக்கு அணைச்சு வச்சிருக்கே? நீதானே எனக்குச் சொன்னே? வெளிச்சம் இருந்தா பலகையைப் பாக்காம உன் மூஞ்சியைப் பாப்பாங்க. உனக்கு எந்த பதில் பிடிக்குமோ அதைச் சொல்லிட்டுப் போயிடுவாங்க. அப்புறம் வீட்டுக்குப் போய்த் தலைவலி, கண்வலின்னு அவஸ்தைப்படுவாங்க. நீதானே சொன்னே?"

"ஆமா, சொன்னேன். அதுக்கென்ன இப்ப?"

"ஊர்ல இருக்கிறவங்ககிட்டயெல்லாம் விளக்கை அணைச்சுட்டுக் கேக்குறே. பெத்த பொண்ணுகிட்ட மட்டும் டியூப் லைட்டைப் போட்டு, முப்பத்திரண்டு பல்லையும் காட்டிக்கிட்டுக் கேட்டியே! அவ காலேஜையா பாத்தா? உன் மூஞ்சியைப் பாத்தா! உன் மூஞ்சியைப் பாத்துதான் பதில் சொன்னா!"

மெக்கானிக் மூடாத கண்ணால் என்னையும் அண்ணனையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "அவங்க சொல்றது சரிதான் சார். இப்பகூட நீங்க எதை நினைக்கிறீங்கன்னு உங்க குரலை வச்சே நான் கொஞ்சம் கண்டுபிடிச்சுதான் சொல்லிக்கிட்டு இருந்தேன்" என்றார்.

அண்ணன் அவருக்கு முதலிலிருந்து ஆரம்பித்து, ஏற்ற இறக்கமே இல்லாத குரலில் கேட்டுக் கேட்டுச் சரியான பவர் எழுதி அனுப்பினான். வேலையில் அரைகுறை அவனுக்கு ஆகாது. மெக்கானிக் போகும்போது, "பொண்ணு எந்தக் காலேஜ்னு அப்புறம் சொல்லுங்க" என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனார்.

பிறகு அண்ணன் திரைக்கு வெளியே வந்து, "டப்பா, உள்ள வாம்மா" என்றான்.

நாற்காலியில் அவளை உட்காரவைத்தான். விளக்கு அணைந்துதான் இருந்தது. எழுத்துப் பலகையின் வெளிச்சத்தையும் அணைத்தான். நான் திரைக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டேன். ஒட்டுக்கேட்பது தப்புதான், ஆனால் அன்றைக்கு என்னை அங்கிருந்து யாரும் நகர்த்தியிருக்க முடியாது.

"பெட்டிக் காலேஜா, மணிக்கூண்டா?" குரலில் ஒன்றுமே இல்லை.

நாற்காலி ஒருமுறை கிறீச்சென்றது.

"பெட்டிக் காலேஜ்ப்பா."

"ஏன்னு சொல்லணும்னு இல்லை. தோணுச்சுன்னா சொல்லு."

"மணிக்கூண்டுல எப்படிப் பேசினா வேலை குடுப்பாங்கன்னு சொல்லித் தர்றாங்க. அது நல்லதுதான். ஆனா எனக்கு எந்த வேலைன்னு ஏற்கெனவே தெரியும்ப்பா. அந்த மெஷின்ல நான் போட்ட நாலுல மூணு உடைஞ்சுடுச்சு. நாலாவது உடையலை. அது ஏன் உடையலைன்னு இன்னிக்கு வரைக்கும் யோசிச்சுக்கிட்டே இருக்கேன்." பிறகு வேகமாகச் சொன்னாள்: "மூணே ஃபேக்டரிதான். முடிச்சுட்டு எனக்கு வேலை கிடைக்கலைன்னா நீங்க தூங்க மாட்டீங்க. உங்களை மாதிரி நானும் கடை கடையா ஏறி இறங்கறதை நீங்க பாக்க வேண்டியிருக்கும். அதை நினைச்சாத்தான் பயமா இருந்தது."

"எனக்கும் பயமாத்தான் இருக்கு" என்றான் அண்ணன். மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. "ஆனா அது என் பயம். அதை நீ தூக்கிட்டுப் போய்ப் படிக்க வேண்டாம். நீ சந்தோஷமா போ."

இங்கே நானும் அழுதேன். ஃப்ரேம் பார்க்க வந்திருந்த ஒரு அம்மா, "கண்ணு எரியுதா?" என்று கேட்டு, கைப்பையிலிருந்து சொட்டுமருந்து எடுத்து நீட்டினார். வாங்கிப் போட்டுக்கொண்டேன்.

அன்று வீட்டுக்கு வந்து அண்ணியிடம் எல்லாவற்றையும் சொன்னோம். அவள் யூனிஃபார்மைக் கழற்றி மாட்டிக்கொண்டே கேட்டாள். "கட்டிலுக்கு அடியில குனிஞ்சு பாத்திருந்தா ஆறு காலேஜுக்கு அலைஞ்சிருக்க வேண்டாம். என்னை யாரு கேட்டீங்க?" என்றாள். அண்ணன் தலையைச் சொறிந்தான்.

மறுநாள் காலை நாலு பேருமாகப் பெட்டிக் கல்லூரிக்குப் போனோம். அண்ணி ஒருவழியாகத் தன் ஷிப்டை மாற்றிக்கொண்டு வந்துவிட்டாள். இடம் இருக்குமோ இருக்காதோ என்று வழியெல்லாம் அண்ணன் நகம் கடித்தான். நல்லவேளை, இருந்தது. மாடிப்படிக்குக் கீழே அந்த மேடம் எங்களை அடையாளம் கண்டுகொண்டார். "ஓ, தம்ளர் உடைச்ச பொண்ணா?" என்று சிரித்தார். சேர்க்கை முடிந்தது.

அண்ணனால் ஒரு கேள்வியை மட்டும் அடக்க முடியவில்லை. "மேடம், இந்த மூணு ஃபேக்டரியும் நாளைக்கு ஆள் வேண்டாம்னு சொல்லிட்டா?"

"நாலாவதை நான் போன வருஷத்துல இருந்து துரத்திக்கிட்டு இருக்கேன் சார். கிடைக்கும்னு இன்னும் சொல்ல முடியாது. சொல்ல முடியாததைச் சொல்லிப் பிள்ளைகளைச் சேக்க மாட்டேன்" என்றார் மேடம். "ஆனா இங்க சேந்த பொண்ணு எங்க நிக்கிறா, என்ன செய்யுறான்னு எனக்குத் தெரியும். அது எத்தனை வருஷமானாலும் தெரியும்."

அண்ணன் தலையாட்டினான். பயம் போயிற்று என்று சொல்லமாட்டேன். ஆனால் விறைப்பாக உட்கார்ந்திருந்தவனின் முதுகு நாற்காலியில் கொஞ்சம் சாய்ந்தது.

"சரி, முதல் லீவுலயே ஒரு சின்ன இன்டர்ன்ஷிப் உண்டு. இப்பவே பேர் குடுக்கணும்" என்று மேடம் டப்பாவின் பக்கம் திரும்பினார். "ரெண்டு இடம் இருக்கு. ஒண்ணு பெரிய பிஸ்கட் அட்டை ஃபேக்டரி. வீட்டுக்குக் கிட்ட, வண்டி வந்து கூட்டிட்டுப் போகும், சாப்பாடு உண்டு. இன்னொண்ணு சின்ன பட்டறை. ஆஸ்பத்திரிக்கு மருந்துக் குப்பி அனுப்புற பெட்டி செய்யுறாங்க. தூரம், ரெண்டு பஸ் மாறணும். ஆனா முதல் நாளே கையில கத்தியைக் குடுத்துடுவாங்க. எதுக்குப் போறே?"

அண்ணன் எதை விரும்புவான் என்று கேட்கவே வேண்டாம். பெரிய ஃபேக்டரி, வாசலுக்கு வரும் வண்டி. அவன் முகம் அதற்குள்ளேயே மலர ஆரம்பித்துவிட்டதை நான் பார்த்தேன். டப்பாவும் பழக்கதோஷத்தில் அவன் பக்கம் திரும்பினாள்.

என் அண்ணன் விசுக்கென்று எழுந்தான். எழுந்த வேகத்தில் மாடிப்படியின் அடிப்பக்கத்தில் தலை ணங்கென்று இடித்தது. தலையைத் தேய்த்துக்கொண்டே போய், வகுப்பில் தண்டனை வாங்கிய பையன் மாதிரி, சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டான். மேடத்துக்கு ஒன்றும் புரியவில்லை. அண்ணி முந்திக்கொண்டு, "அவர் அப்படித்தான் மேடம், ஒண்ணுமில்லை" என்றாள்.

டப்பாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்து முடிப்பதற்குள் கண் கலங்கியும் விட்டது. புறங்கையால் துடைத்துக்கொண்டு, அப்பாவின் முதுகைப் பார்த்தபடியே, "பட்டறைக்குப் போறேன் மேடம்" என்றாள்.

அண்ணனின் தோள் லேசாக ஒருமுறை அசைந்தது. ஆனால் அவன் திரும்பவில்லை. மேடம் அவள் பெயரை எழுதி முடிக்கும்வரை அப்படியே நின்றான்.